ஏட்டைத்தான் கேக்கணும்



கிளாவரைக்குப் போயிருந்தேன். பூம்பாறை, மன்னவனூர், பூண்டி தாண்டி மலைச்சாலை முடிகிற ஊர். படிப்படியாய் வெட்டிய பூண்டுக் காட்டைக் காட்டி, காலனிப் பெரியவரிடம் "இது யார் நிலம் ஐயா?" என்றேன்.

"பாடுபடுறது நாங்க தம்பி. பேரு யாருதுன்னு ஏட்டைத்தான் கேக்கணும்."

இந்த மலையை 1821இல் அளந்த வார்டு துரையின் பெயர் நிற்கிறது. சங்கிலி இழுத்தவன் பெயர் யாருக்குத் தெரியும்?

அதற்காக ஏட்டை வெறுத்து ஒதுக்கிவிட முடியாது. செங்கல்பட்டு கலெக்டர் டிரமன்ஹீரின் 1891 அறிக்கையால்தான் 1892இல் அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் பிறந்தது. பத்தாண்டு விற்கக் கூடாது. பிறகும் நம்மவரல்லாத யாருக்கும் விற்கக் கூடாது. அப்புறம் எப்படிக் கை மாறியது? காரணையில் அந்த நிலத்தைக் கேட்டதற்குத்தான் 1994 அக்டோபரில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள்.

கிளாவரையில் பஞ்சமி உண்டா இல்லையா என்பதை ஊகத்தால் சொல்லக் கூடாது. மாணவர்களே, கிராம வரைபடத்தை விரியுங்கள். பழைய 'அ' பதிவேட்டை, 1980களின் யு.டி.ஆர். பதிவேட்டோடு சர்வே எண் வாரியாக ஒப்பிடுங்கள். முன்னதில் 'டி.சி.' என்றிருந்து பின்னதில் அது காணாமல் போயிருந்தால், அதுவே நம் சாட்சி. தரமாட்டோம்னு சொன்னா, 2005 தகவல் உரிமைச் சட்டம் இருக்கு.

கோஷம் போடுவோம். கையில் நகலோடு போடுவோம்.