22 இஞ்ச் ரம்பமும் ஒரு லுங்கியும்

2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சு ஓஞ்சப்புறம் பட்டுக்கோட்டைப் பக்கம் எங்க தோப்புல தென்னை எல்லாம் வரிசையா படுத்துக் கிடந்துச்சு. அப்ப சித்தப்பா வாங்கினதுதான் அந்த மெஷின் ரம்பம். 58 சிசி, 22 இஞ்ச் பார். பெட்ரோல், ஆயில் ஊத்தினா ஆறு கிலோவுக்குக் குறையாது. தோப்புக்குச் சரி, ஒத்துக்கறேன். இப்ப அதே மிஷின்ல கொல்லையில முருங்கைக் கிளை அறுத்துக்கிட்டு இருக்கார். லுங்கியோட, வெறுங்காலோட. அதான் இந்தப் புலம்பல்.

போன மாசம் கீழ விழுந்த வேப்பங்கொப்பை அறுக்கறப்ப, பாரோட மூக்குல மேல்பக்கம் பின்னாடி கிடந்த கட்டையில இடிச்சிருச்சு. அவ்ளோதான், மிஷின் துள்ளி முகத்தைப் பாத்து எகிறுச்சு. முன்னாடி இருக்கற கார்டு இடது கையில பட்டு செயின் பிரேக் விழுந்ததால தப்பிச்சார். "லேசா உதறுச்சுடா"ங்கறார்!

வீட்டுத் தோட்டத்துக்கு 14 இல்ல 16 இஞ்ச் பார் தாராளம்ங்கறது என் கட்சி. மரம் அதைவிடப் பருமனா இருந்தா ரெண்டு பக்கமும் அறுத்துக்கலாமே. மிச்சமாகற காசுல வலை வச்ச ஹெல்மெட், பூட்ஸ், ரம்பத்துக்குன்னே வர்ற பேண்ட் வாங்கணும். அந்தப் பேண்ட்டுக்குள்ள நீள நீளமா நார் அடுக்கு இருக்கும். செயின் பட்டா நார் சுத்திக்கிட்டு மிஷினையே நிறுத்திடும். லுங்கியும் சுத்திக்கும்தான், ஆனா காலையும் சேத்துல்ல இழுக்கும்?

இன்னொண்ணு, மொக்கைச் செயின். செதில் செதிலா விழுந்தா கூர் இருக்குன்னு அர்த்தம். மாவு மாதிரி தூள் பறந்தா அராவற நேரம் வந்தாச்சு. மண்ணு ஒட்டின தென்னையில இது சட்டுனு மழுங்கிடும். இவர் அராவாம அழுத்தறார், அழுத்த அழுத்த பிடி நழுவுது. ரெண்டு முனையும் தாங்கிக் கிடக்கற கட்டையை மேலேர்ந்தே முழுசா அறுத்தா பாரைக் கவ்விக்கும். மூணுல ஒரு பங்கு மேல அறுத்துட்டு மிச்சத்தைக் கீழேர்ந்து அறுக்கணும். ஏணி மேல ஏறி அறுக்கறதைப் பத்தி பேசவே வேணாம், அதுக்குக் கைரம்பம் இருக்கு.

நேத்து பூட்ஸ் வாங்கிட்டுப் போனேன். "மாட்டுக்கு லாடம் அடிச்ச மாதிரி இருக்கு"ன்னு மூலையில போட்டுட்டார். நானும் சத்தமில்லாம ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி என் பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன். காலையிலேர்ந்து மூணு தடவை போன் அடிச்சிட்டார், இன்னும் எடுக்கலை.