உயர்த்திய வண்டி நேராக ஓட வேண்டாமா?

மாருதி ஜிம்னி 2023 ஜூனில் இந்தியச் சந்தைக்கு வந்தது. காட்டுப் பாதைப் பிரியர்களில் பலர் அதை வாங்கிய கையோடு இரண்டு அங்குலம் தூக்கிவிடுகிறார்கள். உயரமான ஸ்பிரிங், நீளமான ஷாக் அப்சார்பர், 195/80 டயருக்குப் பதில் 215/75 டயர். காலையில் பட்டறைக்குள் நுழைந்த வண்டி மாலையில் மிடுக்காக வெளியே வருகிறது. நெடுஞ்சாலையில் வேகம் எண்பதைத் தொடும்போதுதான் தொல்லை தெரிகிறது. வண்டி ஒரு கோட்டில் நிற்காமல் அலைகிறது. எதிரே பேருந்து கடந்தால் காற்றில் தள்ளாடுகிறது. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது. கையால் இழுத்து வர வேண்டும்.

இதற்குக் காரணம் கேஸ்டர் என்ற கோணம். ஹேண்டிலை விட்டாலும் சைக்கிள் நேராக ஓடுவதற்கு அதன் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதும் ஒரு காரணம். காரின் முன்சக்கரம் திரும்பும் அச்சும் அப்படியே மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு குறைந்தால் சக்கரம் நேருக்குத் திரும்பும் குணம் குறைந்துவிடும்.

ஜிம்னியின் முன்பக்க அமைப்பு இன்றைய கார்களில் அரிது. இரு முன்சக்கரங்களையும் ஒரே ஆக்ஸில் தாங்குகிறது. அதைச் சேஸியோடு இணைப்பவை இரண்டு ரேடியஸ் ஆர்ம்கள். ஆர்மின் பின்முனை சேஸியில் ஒரு ரப்பர் புஷ்ஷில் அசையும். முன்முனை இரண்டு புஷ்களால் ஆக்ஸிலோடு இறுகியிருக்கும். வண்டியைத் தூக்கினால் ஆர்மின் முன்முனை கீழே சரிகிறது, கூடவே ஆக்ஸிலும் உருள்கிறது. ஆர்ம் ஒரு மீட்டர் நீளம் என்று கணக்குப் போட்டால் 50 மி.மீ. உயரத்துக்கு ஏறத்தாழ 3 டிகிரி சுழற்சி. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் இந்த வகை வண்டிகளில் மொத்தக் கேஸ்டரே சில டிகிரிகள்தான். அதில் பெரும்பங்கு போய்விடுகிறது.

இழந்ததை மீட்கத் திருத்தப் பாகங்கள் இருக்கின்றன. துளை நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளியிருக்கும் கேஸ்டர் புஷ் மலிவான வழி. வளைவை மாற்றி வார்த்த புதிய ரேடியஸ் ஆர்ம் செலவான வழி. ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பேன்ஹார்டு ராடும் கவனிக்க வேண்டியது. உயரம் கூடும்போது அது ஆக்ஸிலை ஒரு பக்கமாக இழுத்துவிடும் என்பதால் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் ராடு தேவைப்படும். ஸ்டீயரிங்கையும் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். ஸ்டீயரிங் கோணத்தைப் படித்துத்தான் வண்டி சறுக்காமல் காக்கும் ஈ.எஸ்.பி. வேலை செய்கிறது; கோணல் ஸ்டீயரிங் அதற்குத் தவறான செய்தி சொல்லும்.

பாகம் வாங்குவதைவிடப் பொருத்துவதில்தான் கவனம் வேண்டும். பழைய புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து எடுக்காமல் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் தள்ளி எடுக்க வேண்டும். அதற்கு முன் ஆர்மில் சுண்ணக்கட்டியால் குறி போட வேண்டும். புதிய புஷ்ஷின் தள்ளிய துளை எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது; தலைகீழாக ஏற்றினால் கேஸ்டர் கூடுவதற்குப் பதில் மேலும் குறையும். அடுத்தது போல்ட்டு. வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் புஷ்ஷின் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். சக்கரங்கள் தரையில் நின்று முழு எடையும் இறங்கிய பிறகுதான் டார்க் ரென்ச்சால் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். இந்த ஒரு படியைத் தவிர்த்துவிட்டுப் பாகத்தின் மேல் பழி போடுபவர்கள் அதிகம்.

கேஸ்டரை மீட்பதற்கும் எல்லை உண்டு. ஆக்ஸிலைத் திருப்பும்போது அதன் நடுவிலுள்ள டிஃபரென்ஷியலின் மூக்கும் கீழ்நோக்கித் திரும்புகிறது. அளவு மீறினால் முன் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கெட்டு அதிர்வு வரும். மூன்று, நான்கு அங்குலம் என்று ஆசைப்படுபவர்களுக்குப் புஷ் மட்டும் போதாது. 2020இல் வந்த மஹிந்திரா தாரின் கதை வேறு. அதன் முன்சக்கரங்கள் தனித்தனியாக அசைபவை. உயர்த்தினால் கேம்பர் என்ற சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வும் மாறி டயர் ஒரு ஓரமாகத் தேயும். அங்கே மேல் கன்ட்ரோல் ஆர்மைத்தான் பார்க்க வேண்டும்.

அமெரிக்க ஜீப் ஓட்டுநர்கள் பயப்படும் 'டெத் வாபிள்' என்ற நடுக்கமும் இந்தக் குடும்பத்து நோய்தான். ஒரு பள்ளத்தில் விழுந்ததும் முன் ஆக்ஸில் முழுவதும் வெறிபிடித்து உதறும். ஸ்டீயரிங் டேம்பரை மாற்றினால் அடங்கியதுபோல இருக்கும். ஆனால் தேய்ந்த புஷ்ஷோ தளர்ந்த பேன்ஹார்டு ராடோ அப்படியே உள்ளே இருக்கும்.

சட்டத்தின் நிலையையும் சொல்லியாக வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்து பதிவுச் சான்றில் ஏறிய அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்கிறது. இரண்டும் சேர்ந்தும் விதிக்கப்படலாம். இருந்தும் வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் விற்பனை நிற்கவில்லை. ஒளிவுமறைவாக நடக்கும் வேலையை யாரும் சோதிப்பதில்லை என்பதே பெரிய ஆபத்து. ஆஸ்திரேலியாவில் இத்தகைய மாற்றங்களுக்கு விஎஸ்பி 14 என்ற நடைமுறை விதித்தொகுப்பு இருக்கிறது. குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டினால் பொறியாளர் ஒருவர் வண்டியைச் சோதித்துச் சான்று தர வேண்டும். அளவோடு அனுமதித்து அலைன்மென்ட்டைக் கட்டாயமாகச் சோதிக்கும் அப்படியொரு வழியை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இங்கும் திறக்க வேண்டும். எதிர்ப்பக்கம் வரும் இருசக்கர வாகனக்காரருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைத்தே தீர வேண்டும்.

அதுவரை பட்டறைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: திருத்தப் பாகம் இல்லாமல் லிஃப்ட் கிட்டை விற்காதீர்கள், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த கேஸ்டர், கேம்பர், டோ (சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் கோணம்) அளவுகளை அச்சிட்டு வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். வாங்குபவர்களும் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். திருத்தப் பாகங்களுக்குப் பணம் போதவில்லை என்றால் உயர்த்தும் ஆசையைத் தள்ளிவையுங்கள். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஜிம்னிக்கு 210 மி.மீ. தரை இடைவெளி இருக்கிறது. நம் மலைப்பாதைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது தாராளம்.