மெலிந்த உடம்பிலும் சீனி வருத்தம்

இலங்கை மலையகத்தின் பூனாகலைத் தோட்ட லயத்தில், கொழுந்து பறித்து மெலிந்த ஒரு பெண்ணுக்குச் சீனி வருத்தம் என்றால், "இனிப்பைக் குறைத்திருக்கலாமே" என்று உடனே சொல்லிவிடுகிறோம். அவர் சாப்பிட்டது ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும்தான். இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்கள் பெரும்பாலும் கருவிலும் முதல் சில வருடங்களிலுமே பெருகுகின்றன. அந்த நேரத்தில் தாய்க்கும் பிள்ளைக்கும் புரதம் கிடைக்காவிட்டால் அவை குறைந்துபோவதை விலங்கு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேலூர் சி.எம்.சி.யில் நடந்து 2022இல் வெளியான ஆய்வு, மெலிந்த நோயாளிகளின் கோளாறு இன்சுலின் சுரப்பிலேயே இருப்பதைக் கண்டது. 2025இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு ஊட்டக்குறைவால் வரும் இந்தச் சீனி வருத்தத்தை ஐந்தாம் வகை நீரிழிவு என ஏற்றது. இவர்களுக்கு இன்சுலினை அளவு மீறிக் கொடுத்தால் சீனி இறங்கி உயிருக்கே ஆபத்து.

1973-74 பஞ்சத்தில் தோட்டங்களில் பிறந்தவர்களுக்கு இன்று ஐம்பது வயது கடந்துவிட்டது. அவர்களை யார் பரிசோதித்தார்கள்? பஞ்சம் முடிந்தும் குறை தீரவில்லை. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 32 பேருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. நாட்டுச் சராசரி 17. கர்ப்பிணிக்கு முட்டையும் பருப்பும், பிள்ளைமடுவத்தில் ஒருவேளை நல்ல சாப்பாடும் கொடுப்பதைத் தோட்ட நிர்வாகங்களும் அரசும் இனியும் தள்ளிப்போடக் கூடாது.