பொருத்தமே முதற்பொருள்

கோவில்பட்டி வட்டாரத்தில் பிறந்தவர்க்குத் தீப்பெட்டியைப் பற்றிப் பிறர் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. பாதுகாப்புத் தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டு கலந்த மருந்து இருக்கிறது. பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸ் பூச்சு இருக்கிறது. இரண்டும் உரசினால்தான் தீப் பிறக்கும். குச்சி எத்துணை உயர்ந்த மரத்தால் ஆனதாயினும், வெறும் சுவரில் உரசினால் மருந்து உதிருமேயன்றிச் சுடர் எழாது. ஒன்றுக்கொன்று ஏற்றவை சேரும்போதே பயன் விளையும் என்னும் இப்பாடத்தைக் கரிசல் மண்ணின் பிள்ளைகள் அடுப்பங்கரையிலேயே கற்றுவிடுகின்றனர். ஆயினும், கணிப்பொறி வாங்கப் புறப்படும்போது அதனை மறந்துவிடுகின்றனர் என்பதே என் மனக்குறை.

இன்று நம் மாணவர் பலர், உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே பூட்டிக் கணிப்பொறி விளையாட்டுகளை ஆட விரும்புகின்றனர். ஆயத்தமாக விற்கப்படும் விளையாட்டுக் கணிப்பொறியின் விலை எளிய குடும்பத்திற்கு எட்டாதது. எனவே, தாமே பூட்டிக்கொள்ளும் வழியை அவர்கள் நாடுவதில் வியப்பில்லை. இதில் செலவாகும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை நாம் மறத்தலாகாது. தாய் தீக்குச்சி அடுக்கிச் சேர்த்த கூலியும், தந்தை மழையை நம்பி விதைத்த பருத்தியிலும் உளுந்திலும் மிஞ்சிய சில்லறையும் அதில் கலந்திருக்கின்றன.

எனக்குத் தெரிந்த மாணவர் ஒருவர், விடுமுறைகளில் வேலை செய்து சேர்த்த பணத்துடன் வெளியூர்க் கடை ஒன்றிற்குச் சென்றார். புதிய தாய்ப்பலகையும் அதற்கேற்ற பிராசசரும் வாங்கினார். ராம் எனப்படும் நினைவகத்தை நண்பரிடமிருந்து மலிவாகப் பெற்றிருந்தார். வீட்டில் வந்து பார்த்தபோது நினைவகம் பலகையில் இறங்கவில்லை. பலகை டி.டி.ஆர். 5 வகைக்கு உரியது, நினைவகமோ டி.டி.ஆர். 4 வகை. உறை பிரித்த பொருளைத் திரும்பப் பெற முடியாது என்று கடையினர் கூறிவிட்டனர். வேறு நினைவகம் வாங்கப் பணம் சேரும்வரை நான்கு திங்கள் அப்பெட்டி கட்டிலுக்கடியில் கிடந்தது. "சார், எல்லாமே நல்ல சாமான்தான், சேரத்தான் மாட்டேங்குது" என்று அவர் சொன்ன சொல்லே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

ஆம், நல்லவை எல்லாம் சேர்வன அல்ல. கணிப்பொறி பூட்டுவோர்க்குப் பொருளின் பெருமையைக் காட்டிலும் பொருத்தமே முதற்பொருள். அப்பொருத்தத்தைக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிடாமல், வாங்குபவரே கற்றறிந்து தாளில் எழுதி முடித்த பின்னரே பணத்தை எடுக்க வேண்டும் என்பது என் துணிபு.

திறந்த அமைப்பின் நன்மை

ஒரு நாட்டில் செய்த பலகையில் வேறொரு நாட்டில் செய்த நினைவகம் பொருந்துவது இயல்பாய் நேர்ந்ததன்று. 1981-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டபோது, பிறர் செய்த உறுப்புகளும் சேரத்தக்க வகையில் அதனை அமைத்தது. விரைவிலேயே பிற நிறுவனங்கள் அதனுடன் ஒத்தியங்கும் பொறிகளைச் செய்யத் தொடங்கின. 1995-இல் இண்டெல் நிறுவனம் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறை, பலகையின் திருகுத் துளை எங்கே அமைய வேண்டும் என்பதுவரை வரையறுத்தது. இத்தகைய பொது அளவுகளினாலேயே சென்னை ரிச்சித் தெருவில் வாங்கிய உறுப்புகளைக் கோவில்பட்டியில் ஒரு மாணவர் தம் கையால் பூட்ட முடிகிறது. ஆனால், பொது அளவுகள் காலந்தோறும் மாறுகின்றன. அம்மாற்றத்தை அறியாமையே இழப்பிற்குக் காரணமாகிறது.

பலகையும் பிராசசரும்

முதலில் பார்க்க வேண்டியது, பிராசசர் அமரும் சாக்கெட்டு. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம். 4 வகைச் சாக்கெட்டில் டி.டி.ஆர். 4 நினைவகமே சேரும். 2022-இல் வந்த ஏ.எம். 5 வகையில் டி.டி.ஆர். 5 மட்டுமே சேரும். இண்டெல்லின் எல்.ஜி.ஏ. 1700 வகையிலோ இருவகைப் பலகைகளும் உள்ளன. ஆகவே சாக்கெட்டின் பெயரை மட்டும் பார்த்தல் போதாது. பலகையின் முழுப்பெயரையும் பார்த்தல் வேண்டும். டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 ஆகிய இரண்டிலும் 288 இணைப்பு முனைகளே இருப்பினும், நடுவிலுள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் அமைந்திருக்கும். அதனை அழுத்திப் பொருத்த முயல்வது பொருளை முறிப்பதில்தான் முடியும்.

சாக்கெட்டு ஒத்திருந்தும் பொறி உயிர்பெறாத நிலை உண்டு. 2018-இல் வந்த பி 450 வகைப் பலகையில், 2020-இன் இறுதியில் வந்த ரைசன் 5000 வரிசைப் பிராசசர் அமரும். ஆனால் பலகையின் பயாஸ் புதுப்பிக்கப்படாவிடில் அதனை அடையாளம் காணாது. பழைய பலகையை மலிவாக வாங்குவோர், பயாஸைப் புதுப்பித்துத் தருமாறு கடையிலேயே கேட்டுப் பெறுதல் நன்று.

பெயரின் ஈற்றெழுத்தையும் கூர்ந்து நோக்க வேண்டும். தமிழில் ஓர் எழுத்து மாறினால் பொருள் மாறுவது போன்றதே இதுவும். இண்டெல் பிராசசரின் பெயர் 'எப்' என முடிந்தால் அதனுள் திரையை இயக்கும் கிராபிக்ஸ் பகுதி இயங்காது. ரைசன் 5600 என்பதில் அப்பகுதி இல்லை. ரைசன் 5600 ஜி என்பதில் உண்டு. "கிராபிக்ஸ் கார்டைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்" என எண்ணி முதல்வகையை வாங்கியவர், திரையில் ஒன்றும் தோன்றாமல் இருட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கார்டு வாங்கப் பணம் இல்லாதவர்க்கு இரண்டாம் வகையே ஏற்றது. அவ்வாறு தொடங்குவோர், 16 ஜி.பி. நினைவகத்தை ஒரே துண்டாக வாங்காமல் எட்டும் எட்டுமாக இரு துண்டுகளாக வாங்குதல் வேண்டும். உள்ளமைந்த கிராபிக்ஸ் பகுதி அந்நினைவகத்தையே பகிர்ந்துகொள்வதால், இருவழியாகத் தரவு செல்லும்போது விளையாட்டின் வேகம் நன்கு உயரும்.

அமர்ந்தும் குன்றுவன

பொருந்தாமை சில நேரங்களில் வெளிப்படையாகத் தெரிவதில்லை. உறுப்பு அமர்ந்துவிடும், பொறி இயங்கிவிடும், ஆற்றல் மட்டும் குன்றிவிடும். 2022-இன் தொடக்கத்தில் ஏ.எம்.டி. வெளியிட்ட ரேடியான் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. என்னும் கார்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது பலகையுடன் நான்கு தடங்களில் மட்டுமே பேசுவது. நான்காம் தலைமுறை பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் உள்ள பொறியில் அது குறையின்றி இயங்கும். மூன்றாம் தலைமுறை இணைப்பில் பூட்டினாலோ தடத்தின் வேகம் பாதியாகிவிடுவதால், பல விளையாட்டுகளில் அது தளர்கிறது. மேலே கூறிய ரைசன் 5600 ஜி மூன்றாம் தலைமுறை இணைப்பையே தரவல்லது. தனித்தனியே நோக்கினால் இரண்டும் எளியவர்க்கு ஏற்றவை; இணைத்து நோக்கினால் இணையத் தகாதவை. ஏற்ற வழித்தோழர் அமையாத பயணம் போன்றது இது.

இனி, கார்டின் நீளம் கேபினட்டில் அடங்குமா என்பதையும் அளந்தறிய வேண்டும். பழைய மானிட்டரில் வி.ஜி.ஏ. முனை மட்டுமே இருப்பின், இக்காலக் கார்டுகளில் அதற்குரிய வாய் இல்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

குவியலின் உள்ளே உள்ள ஈரம்

எளியோர் மிகுதியாக ஏமாறும் இடம் எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கியே. கேபினட்டுடன் இலவசமாகத் தரப்படும் பெட்டியின் மேல் 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அதனருகே சிறிய எழுத்தில் உள்ள அட்டவணையைப் படித்தல் வேண்டும். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் உண்பது 12 வோல்ட் வழியில்தான். அவ்வழி 16 ஆம்பியர் எனக் குறிக்கப்பட்டிருந்தால், 12-ஐ 16-ஆல் பெருக்க 192 வாட்டே கிடைக்கும். 450 எங்கே, 192 எங்கே! பலகையின் துளையிலிருந்து கார்டு பெறத்தக்கது 75 வாட். எட்டு முனை இணைப்பு வழியாக மேலும் 150 வாட் பெறலாம். இத்தகைய கார்டை அப்பெட்டியுடன் பூட்டினால், விளையாட்டு உச்சத்தில் இருக்கும்போது பொறி அணையும். சில வேளை உடன் உள்ள உறுப்புகளையும் கெடுத்துவிடும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வணிகராக வாழ்ந்தவர்கள். மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்த தானியக் குவியலில் கைவிட்டுப் பார்த்து, ஈரத்தை மறைத்தவரைக் கண்டித்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். மேலே 450 என்றும் உள்ளே 192 என்றும் இருக்கும் பெட்டி அந்தக் குவியலை ஒத்தது. இத்தொழிலில் ஈடுபட்டுள்ள நம் சமுதாய இளைஞர்கள் இதனைத் தம் கடைகளில் வையாதிருப்பாராக. வாங்குவோரும் குவியலுக்குள் கைவிட்டுப் பார்க்கக் கற்றுக்கொள்வாராக.

மண்ணோடு பொருத்தம்

உறுப்புகள் தம்முள் பொருந்தினால் மட்டும் போதாது. ஊரோடும் பொருந்த வேண்டும். கரிசல் மண் மழையில் உப்பி, கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும் இயல்புடையது. மண்ணின் ஈரம் வற்றினால் எர்த் கம்பியின் பயனும் குறைகிறது. கரியும் உப்பும் இட்ட எர்த் குழியில் கோடையில் நீர் ஊற்றிவர வேண்டும் என்பதை வீட்டார் அறிதல் நலம். கணிப்பொறியைத் தொட்டால் சுள்ளென்று உறைப்பின், அதனைச் சிறுமையாக எண்ணாது மின்பணியாளரை அழைக்க வேண்டும். கோடைப் புழுதி விசிறிகளில் படிந்து வெப்பத்தைத் தடுக்கும் ஆதலால், காற்றோட்டமும் தூசுவலையும் உள்ள கேபினட்டே நமக்கு உரியது. வண்ண விளக்குகள் பூண்ட கண்ணாடிப் பேழை பிறகு பார்த்துக்கொள்ளத் தக்கது. யு.பி.எஸ். வாங்கும்போதும் 600 வி.ஏ. என்பதைக் கண்டு மயங்கலாகாது. அவ்வகையுள் பல 360 வாட் அளவே தாங்கும்.

பெரியோர்க்கு ஒரு சொல்

"விளையாட்டுக்கு இத்தனை பணமா?" என்று பெரியோர் கேட்பது நியாயமே. இஸ்லாம் வீண்விரயத்தைக் கண்டிக்கிறது, வட்டியை விலக்குகிறது. ஆகையால் கடன் வாங்கி விளையாட்டுப் பொறி பூட்டுவதை நானும் ஏற்கவில்லை. வட்டியில்லாத் தவணை என்னும் பெயரில் கட்டணங்கள் மறைந்திருப்பதும் உண்டு. தொழுகையையும் படிப்பையும் உறக்கத்தையும் விழுங்கும் விளையாட்டு எவ்வளவு மலிவான பொறியில் ஆடினும் விலை மிகுந்ததேயாகும்.

ஆயினும், தம் உழைப்பால் சேர்த்த பணத்தில், அளவறிந்து, ஒரு மாணவர் தாமே பொறி பூட்ட விழைந்தால் அதனைத் தடுத்தல் தகாது. விளையாட்டிற்கு ஏற்ற பொறி, படத்தொகுப்பிற்கும் பொறியியல் வரைபடத்திற்கும் நூல் அச்சமைப்பிற்கும் ஏற்றதாகிறது. அதைவிட, உறுப்புகளைத் தேர்ந்தெடுக்கும் அம்முயற்சியே ஒரு கல்வி. விலையையும் தேவையையும் சீர்தூக்குதல், கையேட்டைப் பொறுமையாகப் படித்தல், விளம்பரத்தை ஐயுறுதல் ஆகிய பண்புகளை அவர் அதில் பெறுகிறார். பெரியோர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. "பணம் தரமாட்டேன்" என்று கூறாமல், "பட்டியலைக் கொண்டு வா, பார்ப்போம்" என்று கூறலாம்.

அப்பட்டியல் ஒரே தாளில் அடங்கும். பிராசசரின் முழுப்பெயர், சாக்கெட்டு, பலகையின் முழுப்பெயர், நினைவக வகை, கிராபிக்ஸ் கார்டின் நீளமும் மின்தேவையும், மின்வழங்கியின் 12 வோல்ட் அளவு, கேபினட்டின் உள்ளளவு, மானிட்டரின் முனை ஆகியவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுக. பலகை செய்த நிறுவனமே, எந்தப் பிராசசர் அதில் இயங்கும் என்ற பட்டியலை வெளியிடுகிறது, அதனோடு ஒப்பிடுக. ஒவ்வொன்றின் எதிரேயும் அன்றைய விலையை எழுதுக. 2025-இன் இறுதியில், செயற்கை நுண்ணறிவுக் கூடங்களின் தேவை பெருகியதால் நினைவகத்தின் விலை உலகெங்கும் ஏறியதை நாம் கண்டோம். ஆதலால் சென்ற ஆண்டு விலையை நம்பிப் பேருந்து ஏறலாகாது. பட்டியல் முழுதும் நிறைவுற்ற பின்னரே முதற்பொருளை வாங்குக. ஒன்றை வாங்கிவிட்டு மற்றதைத் தேடற்க.

தமிழ்த்துறை மலரில் இதனை எழுதுவது ஏன் என வினவுவோர் இருக்கலாம். இடைசெவல் தந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன், கரிசல் மக்களின் சொற்களைத் திரட்டிச் சொல்லகராதி ஆக்கினார். மக்கள் புழங்கும் பொருளுக்குரிய சொல்லை மதிப்பதே மொழிப்பற்று. பலகையும் கார்டும் இன்று நம் பிள்ளைகள் புழங்கும் பொருள்கள். அவற்றின் சொல்லைத் தெளிவாக அறிந்தவரை எளிதில் ஏமாற்ற இயலாது. அறியாதவரிடம் பொருள் மட்டுமன்றித் தாயின் கூலியும் சேர்ந்து பாழாகும்.

மாணவர்களே! கட்டிலுக்கடியில் கிடக்கும் பெட்டி இனியொரு வீட்டில் இருத்தலாகாது. பொருத்தம் பார்த்துப் பூட்டுங்கள்; அளவறிந்து ஆடுங்கள். எல்லாம் வல்ல இறைவன் உங்கள் உழைப்பின் பணத்தில் பரக்கத் அருள்வானாக!