பிள்ளை படிக்கிறான், வாடகை உதவி குறைகிறது!

இங்கிலாந்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. பிள்ளைக்கு 21 வயது நிறைந்தால் பிறந்த நாள் பரிசாக ஒரு சாவி கொடுப்பார்கள். வசதி உள்ள வீட்டில் வெள்ளிச் சாவி. இல்லாத வீட்டில் வாழ்த்து அட்டையில் அச்சடித்த சாவி. "இனி நீ பெரியவன். வாசல் சாவி உன் கையில்" என்று அதற்கு அர்த்தம்.

1970ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து அந்த நாட்டில் மேஜர் ஆகும் வயது 18 ஆகிவிட்டது. ஆனாலும் 21-க்கு உள்ள மவுசு போகவில்லை.

அந்த 21-ஐ மறக்காமல் நினைவில் வைத்திருக்கும் இடம் இன்னொன்றும் இருக்கிறது. ஏழைகளுக்கு வாடகை உதவி கொடுக்கும் சர்க்கார் இலாகாதான் அது. அங்கே 21 வயதுக்குக் கிடைப்பது சாவி அல்ல, கத்திரி!

மாதம் 91 பவுன்

வருமானம் குறைந்த குடும்பம் வாடகை வீட்டில் இருந்தால், அங்கே சர்க்கார் வாடகைக்கு உதவி செய்கிறது. உழைக்கும் வயதில் உள்ளவர்களுக்கு அந்த உதவி, 'யுனிவர்சல் கிரெடிட்' என்று மாதாமாதம் வரும் பணத்தோடு சேர்ந்து வருகிறது.

வீட்டில் 21 வயது நிறைந்த மகனோ மகளோ இருந்தால், "அவரும் வாடகையில் பங்கு கொடுக்கட்டும்" என்று அந்தப் பணத்தில் ஒரு தொகையைப் பிடித்துக்கொள்கிறார்கள். 2024-25ஆம் ஆண்டில் இந்தப் பிடித்தம் மாதம் 91 பவுன் 47 பென்ஸ். ஒரு வருஷத்துக்கு 1,097 பவுனுக்கு மேல் ஆனது. ஒரு பவுன் நம் பணத்தில் நூறு ரூபாய்க்கு மேல் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சம்பாதிக்கிற பிள்ளை என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன். நம் ஊரிலும் வேலைக்குப் போகும் பிள்ளை முதல் தேதி அம்மாவிடம் சம்பளத்தைக் கொடுக்கிறான். கொடுக்காவிட்டால் அப்பா கேட்கிறார். அதில் தவறு என்ன?

ஆனால், காலேஜில் படிக்கிற பிள்ளை? அவனுக்கும் அதே பிடித்தம்தான்! சம்பளம் வாங்குகிறானா, புத்தகம் வாங்குகிறானா என்று யாரும் கேட்பதில்லை. உடல் ஊனம் முதலிய சில காரணங்களுக்கு விலக்கு உண்டு. படிப்புக்கு விலக்கு கிடையாது.

ஈஸ்ட் ஹாமில் ஒரு தாய்

லண்டனில் ஈஸ்ட் ஹாம் என்ற பகுதியில் நம் தமிழ்க் குடும்பங்கள், அதிலும் இலங்கையிலிருந்து போனவர்கள், நிறைய இருக்கிறார்கள். அங்கே ஒரு தாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவர் இல்லை. ஆபீசுகளைக் கூட்டிப் பெருக்கும் வேலை. கவுன்சில் கொடுத்த வீட்டில் இரண்டு படுக்கை அறைகள். ஒரே மகன். பிள்ளை வீட்டிலிருந்தே பல்கலைக்கழகம் போய் வருகிறான்.

அங்கே பெரும்பாலான பிள்ளைகள் 18 வயதில் பல்கலைக்கழகத்தில் சேருகிறார்கள். பட்டப் படிப்பு மூன்று ஆண்டு. அப்படியானால் 21 வயது எப்போது நிறைகிறது? சரியாகக் கடைசி ஆண்டில்! பிள்ளை இராப்பகலாகப் பரீட்சைக்குப் படிக்கும்போது தாயின் பணத்தில் அந்தத் தொகை குறைகிறது.

"இன்னும் கொஞ்சம் அதிகம் வேலை செய்தால் போகிறது" என்று சொல்லலாம். கணக்குப் பார்ப்போம். அந்தத் தாய் கையில் வாங்கும் சம்பளத்தில் ஒவ்வொரு பவுனுக்கும் 55 பென்ஸ் வீதம் சர்க்கார் பணம் குறைகிறது. மிஞ்சுவது 45 பென்ஸ். ஆகவே 2024-25இல் இருந்த 91 பவுன் பிடித்தத்தை ஈடுகட்ட, மாதம் 203 பவுன் அதிகமாக வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. எத்தனை மாடிகளைப் பெருக்குவது?

சரி, மகன் வீட்டை விட்டே போய்விடட்டும். அப்போதாவது நிம்மதி உண்டா? அதுவும் இல்லை. 2013 ஏப்ரல் முதல் இன்னொரு சட்டம் இருக்கிறது. கவுன்சில் வீட்டில் ஒரு படுக்கை அறை காலியாகக் கிடந்தால், வாடகை உதவியில் நூற்றுக்கு 14 பங்கு வெட்டு! பிள்ளை இருந்தால் ஒரு வெட்டு. போனால் ஒரு வெட்டு.

சர்க்கார் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மகன் இருப்பதால்தான் அந்த இரண்டாவது அறைக்கும் சேர்த்து உதவி கிடைக்கிறது. "அவனுக்காக அறை கொடுக்கிறோம், அவன் ஒரு பங்கு கொடுக்கக் கூடாதா?" என்று கேட்டால், கேள்வி சரிதான். ஆனால் எதிலிருந்து கொடுப்பான்?

ஒரே பிள்ளை, மூன்று கணக்கு

அவன் கையில் இருப்பது கடன் பணம். படிப்புக் காலச் சாப்பாட்டுச் செலவுக்குச் சர்க்கார் கொடுக்கும் கடன். 2024-25இல் லண்டனுக்கு வெளியே அறை எடுத்துத் தங்கும் மாணவனுக்கு அது அதிகபட்சம் 10,227 பவுன். வீட்டிலிருந்து போகிறவனுக்கு 8,610 பவுன்தான். கடைசி ஆண்டில் இதுவும் குறையும்.

ஏன் 1,617 பவுன் குறைவு? "நீ அம்மா வீட்டில் இருக்கிறாய், உனக்குச் செலவு குறைவு" என்கிறது கடன் ஆபீஸ். "அம்மா வீட்டில் இருக்கிறாய் அல்லவா? எடு வாடகைப் பங்கை!" என்கிறது உதவி ஆபீஸ். இரண்டும் ஒரே சர்க்கார்.

அதோடு போகவில்லை. கடன் எவ்வளவு என்று முடிவு செய்யும்போது, பிள்ளைக்கு 25 வயது ஆகும்வரை பொதுவாகப் பெற்றோரின் வருமானத்தைப் பார்க்கிறார்கள். அதாவது 25 வரை அவன் பெற்றோரை நம்பி வாழும் பிள்ளை. உதவி ஆபீஸ் கணக்கிலோ 21-லேயே அவன் பெற்றோரைத் தாங்க வேண்டியவன்!

கவுன்சில் வரிக்கு வாருங்கள். வீட்டில் ஒரே பெரியவர் இருந்தால் நூற்றுக்கு 25 தள்ளுபடி. முழு நேர மாணவனை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. எனவே தாய்க்கு அந்தத் தள்ளுபடி உண்டு. வரி வாங்குகிறவர்களே இரங்கிவிட்டார்கள். உதவி கொடுக்கிறவர்களுக்கு மனம் வரவில்லை.

முன்பு நன்றாகத்தான் இருந்தது

இந்த விஷயம் அந்த நாட்டுக்குத் தெரியாதது அல்ல. யுனிவர்சல் கிரெடிட் 2013-ல் வந்தது. அதற்கு முன்பு 'ஹவுசிங் பெனிபிட்' என்ற உதவி இருந்தது. ஓய்வூதிய வயதினருக்கு இன்றும் அதுதான்.

அதில் படிக்கிற பிள்ளைக்காகப் பிடித்தம் கிடையாது. கோடை விடுமுறையில் அவன் வாரம் 16 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்குப் போனால் மட்டும் பிடிப்பார்கள். பெற்றோர் ஓய்வூதிய வயதினர் என்றால் அதுவும் இல்லை. எவ்வளவு பொருத்தமான விதி! சம்பளம் வந்தால் பங்கு, வராவிட்டால் இல்லை.

பல உதவிகளை ஒன்றாகச் சேர்த்துச் சுலபமாக்கப் போகிறோம் என்று சொல்லித்தான் புதிய திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஆறு உதவிகள் ஒன்றாயின. வருமானத்தைப் பார்த்துப் பிடிக்கும் பல படிகள் போய், எல்லோருக்கும் ஒரே தொகை வந்தது. கணக்கு எழுதுகிறவருக்குச் சுலபம்தான். மாணவனுக்கு இருந்த விலக்கு மட்டும் வழியில் விழுந்துவிட்டது.

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பழைய விதியில் உள்ள வரியை எடுத்துப் புதிய விதியில் எழுதினால் போதும். அதுவரை அந்தத் தாய், மகனுடைய பிறந்த நாளுக்குக் கேக் வாங்கும்போதே, அடுத்த மாத வாடகைக்கு அந்தத் தொகை எங்கிருந்து வரும் என்றும் யோசித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.