நிரப்ப முதல் ஒரு கேள்வி

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு அத்திவாரத்தைப் பற்றி என்ன கதை என்று கேட்பீர்கள். கேளுங்கோ. ஆனால் மழை பெய்தால் வெள்ளத்துக்குள்ளால நடந்து விரிவுரைக்குப் போறது நாங்களும்தானே.

சதுப்பு நிலத்தில் கட்டுவதென்றால் எங்களுக்குத் தெரிந்த வழி, லொறி லொறியாக மண் கொட்டி நிரப்புவது. நிலம் உயரும், தண்ணீர் பக்கத்து வளவுக்குப் போகும். 2018 இல் ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற கொழும்பும் இப்படிப் பல சதுப்புகளை இழந்த நகரம்தான்.

வேறு வழியும் இருக்கு. பார்வையிழந்த ஐரிஷ் பொறியியலாளர் அலெக்சாண்டர் மிச்செல் 1833 இல் திருகுத்தூணுக்குக் காப்புரிமை பெற்றார். தேம்ஸ் முகத்துவார மணலில் 1838 இல் திருகி இறக்கிய இரும்புத் தூண்களின் மேல்தான் மேப்ளின் கலங்கரை விளக்கம் எழுந்தது.

இன்று, சுருள் தகடு பொருத்திய உருக்குத் தண்டை இயந்திரத்தால் முறுக்கி இறக்குகிறார்கள். இளகிய மண்ணைத் தாண்டி, உறுதியான மண்ணில் தகடு பிடிக்கும். முறுக்கத் தேவைப்படும் விசையை வைத்தே தூண் எவ்வளவு தாங்கும் என்று கணிக்கலாம். கட்டடம் தூண்களில் நிற்கும். கீழே தண்ணீர் தன்ரபாட்டில் ஓடும்.

இது எல்லாத்துக்கும் மருந்தில்லை. பெரிய கற்கள் உள்ள மண்ணில் இறங்காது. உப்புநீர் இரும்பை அரிக்கும். மிச்சமிருக்கிற சதுப்பிலெல்லாம் கட்டுங்கோ என்றும் நாங்கள் சொல்லவில்லை. கட்டியே ஆகவேண்டிய சின்னக் கட்டடங்களுக்கு, மண் நிரப்ப அனுமதி கொடுக்க முதல், "தூணில் கட்ட ஏலாதா?" என்று கேட்கிற நடைமுறை வேண்டும். அதைத்தான் கேட்கிறோம்.