தோட்டப் பாதையில் பஞ்சர் ஆனால் யார் பொறுப்பு?

அப்புத்தளையிலிருந்து தம்பேதென்ன பக்கமோ, பெரகல இறக்கத்தில் ஹல்துமுல்ல பக்கமோ போகும் மோட்டார் சைக்கிளுக்கு வழியில் காற்றுப் போய்விட்டால், பார்ப்பவர்கள் அனுதாபப்படுவார்கள்; வண்டிக்காரர் தன் கெட்ட நேரத்தை நொந்துகொண்டு தள்ளத் தொடங்குவார். பஞ்சர் என்பது தனியொருவரின் துரதிர்ஷ்டம் என்ற எண்ணம் நம்மிடம் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. ஆணி எங்கே கிடக்கும் என்று யாருக்கும் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் ஊவாவின் தோட்டப் பாதைகளில் டயர் சேதமாவதற்கும், அதை ஒட்டுவதற்கு நகரம்வரை தள்ள வேண்டியிருப்பதற்கும் ஆணியைவிடப் பெரிய காரணங்கள் உண்டு. அவை சிலர் எடுத்த முடிவுகளாலும், பலர் எடுக்கத் தவறிய முடிவுகளாலும் வந்தவை. ஆகவே பாதையைப் பராமரிப்பதையும், பஞ்சர் ஒட்டும் வசதியைத் தோட்டத்துக்குள் கொண்டுவருவதையும் உள்ளூராட்சி மன்றங்களும் தோட்டக் கம்பனிகளும் தங்கள் கடமையாக ஏற்க வேண்டும்.

இலங்கையில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள். மலையகத்தில் அவற்றின் தேவை இன்னும் அதிகம். பிரதான வீதியிலிருந்து விலகி, மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று சிதறிக் கிடக்கும் லயங்கள் பலவற்றுக்கு பஸ் போவதில்லை. போகும் இடங்களிலும் வேலைக்குப் போகும் நேரத்துக்கு அது வருவதில்லை. பண்டாரவளைக் கடைகளில் வேலை செய்யும் இளைஞர், தோட்டப் பாடசாலைக்கு வரும் ஆசிரியர், வெளிக்களத்தைச் சுற்றிவரும் உத்தியோகத்தர், தபால்காரர் என எல்லோருக்கும் மோட்டார் சைக்கிள்தான் கால். இரவில் ஒருவருக்குத் திடீரென்று முடியாமல் போனால், தியத்தலாவை ஆஸ்பத்திரிக்குப் புறப்படப் பல லயங்களில் கைக்கெட்டும் வாகனமும் அதுவே. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்படுவதற்கே எத்தனை ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது என்பதை மலையகம் அறியும். தோட்டச் சம்பளத்தில் நடக்கும் வீட்டுக்கு ஒரு புதிய டயரும் டியூபும் பல நாள் உழைப்பு. பிந்திப் போனதால் அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) விழுந்தால், அந்த இழப்பு தனிக்கணக்கு.

பாதைக்கும் பஞ்சருக்கும் உள்ள தொடர்பைக் கழற்றிய டியூபே காட்டிக்கொடுக்கும். ஆணி குத்திய டியூபில் ஒரே ஒரு துளை இருக்கும். பள்ளத்தில் விழுந்து கல்லின் விளிம்பில் அடிபட்ட டியூபிலோ பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் இருக்கும். டயர் நசுங்கும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் அகப்பட்டு இரண்டு இடத்தில் கிழிவதே காரணம். காற்றுக் குறைந்த டயரும், பின்னால் ஆளும் அரிசி மூட்டையும் சேர்ந்தால் இது இன்னும் எளிதாக நடக்கும். கிரவல் அடித்துச் செல்லப்பட்டு அடிக்கல் வெளியே துருத்தி நிற்கும் பாதையில் எவ்வளவு நிதானமாக ஓட்டினாலும் இந்த அடியை முழுதாகத் தவிர்க்க முடியாது. அடுத்த சேதம் தள்ளும்போது வருகிறது. காற்றில்லாத டயர் ரிம்மின்மேல் மெல்ல நகரும். டியூபும் அதனுடன் இழுபடும். வால்வு மட்டும் ரிம்மின் துளையில் மாட்டிக்கொண்டு அடியோடு கிழியும். துளைக்கு ஒட்டுப் போடலாம். வால்வு கிழிந்த டியூபை எறியத்தான் வேண்டும். ஒட்டுக் கடை எவ்வளவு தூரமோ, செலவும் அவ்வளவு ஏறுகிறது.

இந்தப் பாதைகள் ஏன் இப்படிக் கிடக்கின்றன? தோமஸ் லிப்டன் தம்பேதென்னயில் தொழிற்சாலை கட்டிய 1890 ஆம் ஆண்டுக் காலத்தில், தோட்டப் பாதை என்பது கொழுந்தும் தேயிலைப் பெட்டியும் போவதற்கு வெட்டப்பட்டது. அங்கே குடியிருப்பவர்களின் போக்குவரத்து அதன் கணக்கில் இல்லை. 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனபோதும் இந்தப் பாதைகள் பொது வீதிகளாகவில்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக மூன்று தசாப்தங்கள் காட்டப்பட்டு வந்தது. வாக்குக் கேட்கத் தோட்டத்துக்குள் வந்த சபை, கான் வெட்ட வரவில்லை. 2018 இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு வழி திறந்தது. 2025 மே 6 ஆம் திகதி நடந்த தேர்தலின் பின் புதிய சபைகளும் அமைந்துவிட்டன. ஆகவே சட்டம் இடம் தரவில்லை என்ற பதிலை இனி ஏற்க முடியாது.

இதற்கு எதிராக முதலில் சொல்லப்படுவது, வண்டியைக் கவனிப்பது ஓட்டுபவரின் பொறுப்பு என்பது. அதில் நியாயம் உண்டு. காற்றின் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்களில் உற்பத்தி வாரமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். வாங்கும்போது அதைப் பார்த்தால் பழைய டயரைப் புதியதென்று ஏமாந்து வாங்காமல் தப்பலாம். இறக்கத்தில் பின் டயர் காற்றிழந்தால் சடாரென்று பிரேக் பிடிக்காமல், அக்சிலேட்டரை விட்டு, காற்றுள்ள சக்கரத்தின் பிரேக்கை மெதுவாகப் பிடித்து, பனிமூட்டத்தில் பின்னால் வரும் பஸ்ஸுக்குத் தெரியும்படி வளைவைத் தாண்டி நேர்ப்பாதையில் நிறுத்த வேண்டும். ஒட்டுப் போடுமுன் டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்காவிட்டால், உள்ளே ஒளிந்திருக்கும் முள்ளோ தேயிலை மிலாறுக் குச்சித் துண்டோ அதே இடத்தை மறுபடியும் குத்தும். இவையெல்லாம் ஓட்டுபவர் கற்க வேண்டியவையே. ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இன் தொடக்கம்வரை கட்டுப்பாடு நீடித்தது. அந்தக் காலத்தில் பழைய வண்டியையே ஓட்டிக் காலம் தள்ளியவரிடம் முழுப் பொறுப்பையும் சுமத்துவது நீதியாகாது. தன் பங்கை அவர் செய்த பிறகும் பாதையின் கல் அங்கேயேதான் இருக்கிறது.

டியூப்லெஸ் டயர் வந்துவிட்டதே என்பது இன்னொரு வாதம். ஆணி ஏறினாலும் மெதுவாகக் காற்றிறங்கும், வெளியிலிருந்தே அடைக்கலாம் என்பதால் அது நல்ல முன்னேற்றம்தான். எனினும் தோட்டங்களில் ஓடும் மலிவான பழைய வண்டிகளில் பெரும்பாலானவை கம்பிச் சக்கரம் கொண்டவை. அவற்றுக்கு டியூப் தேவை. கல்லடியில் ரிம் வளைந்தாலோ பக்கவாட்டு கிழிந்தாலோ டியூப்லெஸ் டயரையும் பாதையோரத்தில் சரிசெய்ய முடியாது. சம்பளமும் வீடும் காணியும் தீராதபோது பஞ்சர் ஒரு பிரச்சினையா என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கோரிக்கைகளுக்கு இது போட்டியல்ல. டயரைக் கெடுக்கும் பள்ளம், அடைபட்ட கானிலிருந்து வழிந்த மழைநீர் தோண்டியது. மலைச்சரிவில் மழைநீரை அலட்சியமாக விடக் கூடாது என்பதை, 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தயில் நடந்த மண்சரிவுக்குப் பின் ஊவாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கானைச் சுத்தம் செய்து மதகைத் திருத்துவது பாதையையும் காக்கும், வீட்டையும் காக்கும்.

பணமில்லை என்ற கடைசி வாதத்துக்கும் பதில் உண்டு. எல்லாப் பாதைக்கும் கொங்கிறீட் போடும்படி யாரும் கேட்கவில்லை. மழைக்கு முன் கான் வெட்டுவதற்கும், அடிக்கல் தெரியும் இடங்களில் கிரவல் இட்டு இறுக்குவதற்கும் பெரிய திட்டம் வேண்டியதில்லை. தோட்டத்துக்கும் சபைக்கும் இடையில் எழுத்தில் ஓர் உடன்பாடு வேண்டும். சிறிய டிவிஷனில் ஒட்டுக் கடை நடத்தி ஒருவர் பிழைக்க முடியாது என்பது சரி. ஆனால் கடை தேவையில்லை. காற்றடிக்கும் கம்பிரசரும், டயர் லீவர்களும், ஒட்டும் பசையும், வேலை தெரிந்த ஒருவரும் போதும். இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழிற்சாலை வளாகத்திலேயே இதற்கு ஓர் இடம் ஒதுக்கலாம். டிவிஷனுக்கு இரண்டு இளைஞர்களையோ யுவதிகளையோ தொழிற்பயிற்சி அதிகார சபையின் உதவியுடன் பழக்கினால், அது அவர்களுக்குக் கூடுதல் வருமானமாகவும் இருக்கும். அப்புத்தளை, ஹல்துமுல்ல பிரதேச சபைகள் தங்கள் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் தோட்டப் பாதைகளின் பராமரிப்புக்கென்று தனியாக நிதி ஒதுக்கி, எந்தத் தோட்டத்தில் எந்தப் பாதை என்று பெயர் குறிப்பிட்டு அறிவிக்கட்டும். தோட்டத்து மக்கள் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, செய்த வேலைக்குக் கணக்குக் கேட்கட்டும்.